லூயி பாஸ்டரும் கண்ணாடிக் குழாயும்

 

ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு முனை தடிப்பாகவும் மறுமுனை ஊசி மாதிரி மெலிந்தும் இருக்கும் கண்ணாடிக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். தடித்த முனையில் ரப்பர் குமிழை மாட்டி, அழுத்தி விட்டால் திரவம் ஏறும். நாம டிராப்பர் என்று சொல்கிறோம். பெரிய லேப்களில் இதற்குப் பெயர் பாஸ்டர் பிப்பெட். பால் பாக்கெட்டில் பாஸ்டுரைஸ்டு என்று போட்டிருக்கிறதே, அதே பாஸ்டர்தான்! அவரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

லூயி பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி பிரான்சு நாட்டில் டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தோல் பதனிடும் தொழிலாளி. சின்ன வயதில் பாஸ்டர் படிப்பில் முதல் ஆள் எல்லாம் இல்லை. படம் நன்றாக வரைவார். பின்னால் வேதியியலில் பெரிய ஆளான இவர், ஒரு தேர்வில் வேதியியலில் சுமார் என்ற மதிப்பெண்தான் வாங்கினாராம். (இதைப் படித்ததும் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.)

அவருக்கு எட்டு வயது இருக்கும்போது 1831இல் அவர்கள் ஊர்ப்பக்கம் ஒரு வெறிபிடித்த ஓநாய் புகுந்து பலரைக் கடித்தது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கூட்டிப்போய், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தில் சூடு வைத்தார்கள். அப்படியும் பலர் செத்துப்போனார்கள். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது இன்றைக்கும் அரிது. இந்தச் சம்பவம் அவர் மனசில் கடைசி வரை இருந்ததாம்.

படித்து முடித்து வேதியியல் ஆராய்ச்சிக்கு வந்தார். 1848இல், நம்ம குழம்புப் புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தோடு சம்பந்தப்பட்ட உப்புப் படிகங்களை நுண்ணோக்கியில் பார்த்து, இடக்கை வலக்கை மாதிரி இரண்டு வகை இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு படிகமாகக் கையால் பொறுக்கிப் பிரித்தார். அரிசியில் கல் பொறுக்குகிற பொறுமை வேண்டும் அதற்கு! பிறகு சாராய ஆலையில் சரக்கு ஏன் கெட்டுப்போகிறது என்று பார்க்கப் போய்க் கிருமிகள் பக்கம் வந்துவிட்டார். கிருமி தானாகவே உண்டாகிறது என்று அப்போது பெரிய படிப்பாளிகளே நம்பினார்கள். பாஸ்டர் ஒரு குடுவையின் கழுத்தைத் தீயில் இளக்கி, அன்னத்தின் கழுத்து மாதிரி நீளமாக வளைத்து இழுத்தார். உள்ளே சூப்பைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே போகும், ஆனால் தூசி வளைவில் தங்கிவிடும். சூப் கெடவே இல்லை. கழுத்தை உடைத்ததும் கெட்டுப்போனது.

அவருடைய பிப்பெட்டும் இதே வேலைதான். கண்ணாடிக் குழாயின் நடுப்பகுதியைத் தீயில் காட்டி, இளகியதும் இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். நடுவில் நூல் மாதிரி மெலியும். அங்கே வெட்டினால் இரண்டு பிப்பெட் ரெடி. தடித்த முனையில் பஞ்சு அடைத்து, சூடுபடுத்திக் கிருமி நீக்கி, மெல்லிய முனையைத் தீயில் மூடி வைத்துவிடுவார்கள். வேண்டும்போது முனையை ஒடித்துவிட்டு, பஞ்சு உள்ள பக்கத்தை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சி எடுப்பார்கள். ஆமாம், வாயில் வைத்துத்தான்! வாயிலிருக்கும் கிருமி திரவத்துக்குள் போகாமல் இருக்கத்தான் அந்தப் பஞ்சு. வேகமா உறிஞ்சினா பஞ்சு நனைஞ்சு வாய்க்கு வந்துடும்.

இதற்கிடையில் அவர் வீட்டில் பெரும் துக்கம். மூன்று பெண் குழந்தைகள் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள், அதில் இருவர் டைபாய்டில். 1868இல் அவருக்கே பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. அப்போது வயது 45. பட்டுப்புழு நோய், கோழிக் காலரா, ஆட்டுக்கு வரும் அடைப்பான் நோய் என்று அதற்கப்புறமும் அவர் வேலையை விடவில்லை.

1880இல் வெறிநாய்க்கடி ஆராய்ச்சியைத் தொடங்கினார். கிருமி எச்சிலில் இருக்கும் என்று தெரியும். ஆனால் எச்சிலை எடுப்பது யார்? வாயில் நுரை தள்ளும் ஒரு நாயை உதவியாளர்கள் கயிறு போட்டு மேசையில் கட்டினார்கள். பாஸ்டர் கண்ணாடிக் குழாயை உதட்டில் கவ்விக்கொண்டு, அந்த நாயின் வாய் கிட்டக் குனிந்து எச்சிலை உறிஞ்சி எடுத்தாராம். அவர் வரலாற்றை எழுதியவர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் காலத்தில் ரேபிசுக்குத் தடுப்பூசியே கிடையாது என்பதை நினைச்சுப் பாருங்க.

இது வீரம்தான். ஆனால் நாம் செய்யக் கூடாது. இப்படி வாயால் உறிஞ்சப்போய் ஆய்வுக்கூடத்திலேயே நோய் வாங்கியவர்கள் உலகத்தில் நிறையப் பேர். மேல்நிலை வகுப்பு அக்காமார் 20 மில்லி பிப்பெட்டில் காரத்தையும் அமிலத்தையும் வாயால் உறிஞ்சுகிற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு நாக்கில் பட்டால் வெந்துபோகும். ரப்பர் குமிழால் கோட்டுக்கு மேலே வரை இழுத்துவிட்டு, குமிழை எடுத்ததும் ஆள்காட்டி விரலால் மூட வேண்டும். விரலை லேசாத் தளர்த்தினா திரவம் இறங்கும். வளைவின் அடி கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும். கட்டை விரலால் இந்த அளவு சரியாக வராது.

சரி, கதைக்கு வருவோம். எச்சிலில் வேறு கிருமிகளும் கலந்திருந்ததால் அந்த வழி சரிப்படவில்லை. நோய் மூளையிலும் தண்டுவடத்திலும் இருப்பதைக் கண்டு, நோய் வந்த முயலின் தண்டுவடத்தைக் குடுவையில் தொங்கவிட்டுக் காய வைத்தார்கள். நாளாக நாளாக நஞ்சு குறைந்தது, இரண்டு வாரத்தில் போயே போனது. உதவியாளர் ரூ இதில் பாதி வேலை செய்தவர். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

1885 ஜூலை 6ஆம் தேதி ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனை அவன் அம்மா கூட்டி வந்தார். உடம்பில் 14 இடத்தில் நாய்க்கடி. பாஸ்டர் மருத்துவர் இல்லை, அதனால் கிராஞ்சே என்ற மருத்துவர்தான் ஊசி போட்டார். முதலில் நஞ்சு போனது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சு கூடியது என்று 13 ஊசி. பையன் பிழைத்துக்கொண்டான்!

பாஸ்டரின் நோட்டுகளைப் பல வருஷம் கழித்துப் படித்தவர்கள், அதே முறையை நாய்களில் முழுசாகச் சோதித்து முடிக்கும் முன்பே பையனுக்குப் போட்டுவிட்டார் என்கிறார்கள். செய்தது சரியா என்று எங்கள் வகுப்பில் இரண்டு கட்சி. கடிபட்ட எல்லோருக்கும் நோய் வந்துவிடாது, ஊசி இல்லாமலே பிழைத்திருக்கலாமே என்பது ஒரு கட்சி. வந்தால் சாவுதானே, போட்டது சரி என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. ஆனால் சோதனை முடியவில்லை என்பதை அவர் எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

1888இல் பாரிசில் பாஸ்டர் நிறுவனம் திறந்தார்கள். 1895 செப்டம்பர் 28இல் அவர் காலமானார். அந்த நிறுவனத்திலேயே அடக்கம் செய்தார்கள். வளர்ந்த ஜோசப் மைஸ்டர் அங்கேயே காவலாளியாக வேலை பார்த்தார்.

நமக்கு மேலே இருக்கும் குன்னூரிலும் 1907இல் பாஸ்டர் நிறுவனம் வந்தது. சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் இந்தப் பக்கத்து ஆட்கள் கடிபட்டால் இமயமலையில் இருக்கும் கசௌலி வரைக்கும் போகணும். ரயிலில் போய்ச் சேர்வதற்கே எத்தனை நாள்! குன்னூரில் ஆட்டு மூளையிலிருந்து மருந்து தயாரித்தார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்களே, அது இதுதான். அதுக்குப் பயந்தே சிலர் ஆஸ்பத்திரிக்குப் போகாம, கடிச்ச இடத்துல மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வச்சுக்கிட்டு இருந்துட்டாங்கன்னு எங்க அமுச்சி சொல்லும். அப்படி வைக்கவே கூடாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணியில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். காயம் பெரிசா இருந்தா, காயத்திலேயே போடுகிற இன்னொரு மருந்தும் உண்டு.

ஆட்டு மூளை ஊசியை நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு. இப்போது ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களில் தயாரிக்கிறார்கள். கையில்தான் போடுவார்கள், நாலைந்து தடவை வரச் சொல்வார்கள், காசு கிடையாது. இதைச் சொன்னால் எங்க அமுச்சி இன்னும் நம்ப மாட்டேங்குது.