பேசவைத்தே வைத்தியம் செய்த கல்கத்தா டாக்டர்

டாக்டர் என்றால் நாடி பார்ப்பார். மருந்து கொடுப்பார். ஊசி போடுவார். ஆனால் கல்கத்தாவில் ஒரு டாக்டர் இருந்தார். அவரிடம் போனால் நோயாளி பேசுவார். டாக்டர் கேட்டுக்கொண்டிருப்பார். அதுதான் வைத்தியம்!

அவர் பெயர் கிரீந்திரசேகர் போஸ்.

மந்திர வித்தைக்காரர்

போஸ் 1887-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி பிறந்தார். இளமையிலேயே அவருக்கு மந்திர வித்தையில் ஆசை. மனோவசியமும் கற்றுக்கொண்டார். அதாவது, ஆளைத் தூங்குவதுபோல் மயங்கவைத்து, கேள்விக்குப் பதில் சொல்லவைப்பது.

1910-ல் டாக்டர் பட்டம் பெற்றார். மனக் கோளாறு உள்ளவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். முதலில் மனோவசியத்தையே கையாண்டார்.

வியன்னா நகரில் பிராய்டு என்ற டாக்டரும் இப்படித்தான் தொடங்கினார். ஆனால் எல்லோரும் மயங்குவதில்லை. குணமான சிலருக்குத் தொல்லை திரும்பி வந்தது. அதனால் நோயாளியை விழிப்போடு வைத்து, மனதில் தோன்றுவதை எல்லாம் சொல்லவைத்தார் பிராய்டு. போசும் இந்த வழிக்கே வந்து சேர்ந்தார்.

வித்தை காட்டத் தெரிந்தவர், வித்தையை விட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்க உட்கார்ந்தார். இது சின்ன விஷயம் அல்ல.

மாமியார் இடத்தில் மருமகள்

போஸ் புதிதாக ஒன்று கண்டுபிடித்தார். ஒவ்வோர் ஆசைக்குப் பின்னாலும் அதற்கு எதிரான ஆசை ஒன்று ஒளிந்திருக்கிறது என்றார்.

மாமியாரைக் கண்டு நடுங்கும் மருமகள் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். தானே மாமியாராக இருந்து மருமகளை அதட்டுவதுபோல் அவளைக் கற்பனை செய்யச் சொல்வது போஸின் முறை. அடங்கிக் கிடந்த கோபம் வெளியே வரும். வந்தால் பயம் குறையும்.

1921-ல் தம் ஆராய்ச்சி நூலைப் பிராய்டுக்கு அனுப்பினார். பிராய்டு மகிழ்ந்தார். ஆனால் எதிர் ஆசைத் தத்துவத்தை முழுமையாக ஏற்கவில்லை. போசும் விட்டுக்கொடுக்கவில்லை! இருந்தும் 1937 வரை கடிதப் போக்குவரத்து நடந்தது. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.

பிராய்டின் முகம் எப்படி இருக்கும் என்று கற்பனையாக ஒரு படம் வரையச் செய்து, போஸ் அவருக்கே அனுப்பிவைத்தார். படத்தில் இருந்தவர் வெள்ளைக்கார துரையைப்போல் இருந்தாராம். பிராய்டின் 75-வது பிறந்த நாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை போயிற்று.

பொது ஆஸ்பத்திரியில்

1922-ல் போஸ் தம் வீட்டிலேயே இந்திய மனப் பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். 1933-ல் அதைவிடப் பெரிய காரியம் செய்தார். கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்கு வெளிநோயாளிப் பிரிவு திறந்தார். இந்தியாவில் பொது ஆஸ்பத்திரி ஒன்றில் இப்படித் திறந்தது அதுவே முதல் முறை.

அதுவரை மனநோய்க்கு ஆஸ்பத்திரி என்றால் பெரிய மதில் சுவர் கட்டிய பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான். இப்போது காய்ச்சல்காரர் வரும் வாசலிலேயே மனக்கவலைக்காரரும் வரலாம்.

இன்று கோவை அரசு ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனாலும் நம் கொங்கு நாட்டில் ஒரு பெண் சாப்பிடாமல், தூங்காமல் உட்கார்ந்திருந்தால் பல வீடுகளில் முதலில் கயிறு மந்திரித்துத்தான் கட்டுகிறார்கள். ஊர் என்ன சொல்லும், மாப்பிள்ளை அமைவானா என்ற பயம்!

யாரிடம் போவது?

மனநல டாக்டர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் மனநோய் வைத்தியமும் படித்தவர். மருந்து எழுதுவார். மருத்துவ மனோதத்துவ நிபுணர் மருந்து தரமாட்டார். பேசவைத்துக் குணப்படுத்துவார். இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். எத்தனை முறை வரவேண்டும், ஒரு முறைக்கு எவ்வளவு கட்டணம் என்பதையும் முதல் நாளே கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவரிடம் போகவேண்டாம். ஒரே நாளில் சரியாகிவிடும் என்று சொல்கிறவரிடமும் போகவேண்டாம்.

முதல் நாள் கேள்விகளிலேயே போய்விடும். பிறகு வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம்போலப் பேச்சு நடக்கும். பழைய துக்கத்தைக் கிளறும்போது சில நாள் மனம் கூடுதலாகக் கனக்கலாம். அதை அவரிடமே சொல்லுங்கள். நாலைந்து முறை போயும் மனம் ஒட்டவில்லை என்றால் வேறொருவரிடம் போவதில் தவறே இல்லை. சொன்ன விஷயம் வெளியே போகக்கூடாது என்பது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். உயிருக்கு ஆபத்து போன்ற சில சமயங்கள் மட்டும் விலக்கு.

எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.

மூன்று கட்டில்கள்

போசின் அண்ணன் ராஜசேகர் போஸ், வங்காளத்தின் பெயர்பெற்ற நகைச்சுவை எழுத்தாளர். தம்பியின் வேலைக்கு அவர் நிலம் கொடுத்தார். அங்கே 1940-ல் லும்பினி பார்க் மனநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. முதலில் இருந்தவை மூன்றே கட்டில்கள்.

1953-ம் ஆண்டு ஜூன் மாதம் போஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 66.