தன்னைத் தேடிப் புறப்பட்ட பேராசான்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயரைக் கேட்டிராத முஸ்லிம் வீடு நம் நாட்டில் அரிது. ஹுஜ்ஜதுல் இஸ்லாம் என்ற சிறப்புப் பெயரையும், இஹ்யா உலூமித்தீன் என்ற நூலின் பெயரையும் சிறு வயதிலேயே கேட்டு வளர்கிறோம். ஆனால், புகழின் உச்சியில் இருந்த அந்தப் பேராசான் ஒரு காலத்தில் பேச்சிழந்து, உணவு இறங்காமல் தவித்தார் என்பதைப் பலர் அறிவதில்லை. உயர்தர வகுப்பில் படிக்கும் எனக்கு அவருடைய வரலாற்றில் மிக நெருக்கமான பகுதி அதுதான். பரீட்சை, பெறுபேறு, பிறரது பாராட்டு ஆகியவற்றின் பின்னால் ஓடும்போது நம் உள்ளத்தை நாம் எங்கே விட்டுவிடுகிறோம் என்று அவ்வரலாறு என்னைக் கேட்கிறது.

இமாமவர்கள் ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல், குராஸான் நாட்டின் தூஸ் என்ற ஊரில் பிறந்தார்கள். இன்று அது ஈரானில், மஷ்ஹத் நகருக்கு அருகே உள்ளது. தகப்பனார் கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்த ஏழை. ஆலிம்களின் சபைகளில் அமர்வதில் பெருவிருப்பம் கொண்டவர். மரணம் நெருங்கியபோது, தம் மக்கள் முஹம்மத், அஹ்மத் இருவரையும் கையிலிருந்த சிறு தொகையோடு ஒரு ஸூபி நண்பரிடம் ஒப்படைத்தார். அப்பணம் தீர்ந்ததும், மாணவருக்கு உணவளிக்கும் மத்ரஸா ஒன்றில் சேருமாறு அந்த நண்பர் சிறுவர்களுக்கு வழிகாட்டினார். பசிக்காகத் தொடங்கிய படிப்பு அப்படித்தான் வளர்ந்தது.

இளமையில் ஜுர்ஜான் சென்று கற்றுத் திரும்பும் வழியில் கள்வர்கள் அவருடைய பொருள்களைப் பறித்துக்கொண்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். மற்றவை போகட்டும், பாடக் குறிப்புகளை மட்டும் தந்துவிடுமாறு அவர் கெஞ்சினார். காகிதம் போனதும் போய்விடுகிற அறிவு என்ன அறிவு என்று கள்வர் தலைவன் சிரித்துவிட்டு அவற்றைத் திருப்பிக் கொடுத்தானாம். அந்தச் சிரிப்பு அவரைச் சுட்டது. ஊர் திரும்பி மூன்று ஆண்டுகள் செலவிட்டு அக்குறிப்புகள் அனைத்தையும் நெஞ்சில் பதித்துக்கொண்டார். கொப்பிகளையும் டியூட்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு படித்துவிட்டோம் என்று நம்பும் நமக்கு இச்சம்பவம் மிகவும் பொருந்தும்.

பின்னர் நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனி அவர்களிடம் கல்வி கற்றார். 1085இல் ஆசிரியர் மறைந்த பின், ஸல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஸாமுல் முல்க்கின் சபையை அடைந்தார். அங்கு நடந்த அறிவு விவாதங்களில் அவரை வெல்ல ஆளில்லை. 1091இல், ஏறத்தாழ 33 வயதில், பக்தாத் நிஸாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டார். முந்நூறு மாணவர்கள் அவரிடம் பாடம் கேட்டனர். அக்காலத்தில் ஓர் ஆலிம் அடையக்கூடிய உயர்ந்த பதவிகளுள் அது ஒன்று.

அந்த இடத்தில் இருந்தபோதுதான் அவர் தம்மைத் தாமே விசாரிக்கத் தொடங்கினார். தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்று பார்த்தபோது, புகழாசையே தம்மை இயக்குகிறது என்று கண்டார். பக்தாதை விட்டுப் புறப்படக் காலையில் உறுதி கொள்வார். மாலையில் அவ்வுறுதி தளர்ந்துவிடும். 1095ஆம் ஆண்டு ரஜப் மாதம் தொடங்கி ஏறக்குறைய ஆறு மாதங்கள் இந்தப் போராட்டம் நீடித்தது. ஒரு நாள் பாடம் சொல்ல முயன்றபோது நாவு எழவில்லை. பின்னர் உணவும் நீரும் இறங்கவில்லை, உடல் மெலிந்தது. நோய் உள்ளத்தில் தோன்றி உடலுக்கு இறங்கியிருப்பதாகவும், மனக்கவலை தீராமல் மருந்து பலிக்காது என்றும் சொல்லி மருத்துவர்கள் கைவிட்டனர். இவற்றையெல்லாம் இமாமவர்களே தம் தன்வரலாற்று நூலாகிய அல்முன்கித் மினள் ழலாலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். மன வருத்தத்தை வெளியே சொன்னால் ஈமான் குறைந்தவள் என்பார்களோ என்று அஞ்சும் சகோதரிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அல்லாஹ்விடம் மன்றாடிய பின் அவருக்கு வழி இலகுவானது. பிள்ளைகளின் தேவைக்குப் போதுமானதை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பங்கிட்டார். தம்பி அஹ்மதைத் தமக்குப் பதிலாகப் பாடம் சொல்ல வைத்துவிட்டு டமஸ்கஸ் சென்றார். அங்கே உமையாப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருப்பார். பின்னர் பைத்துல் முகத்தஸிலும் அவ்வாறே இருந்தார். கலீல் நகரில் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தைத் தரிசித்தபோது, அரசரிடம் போவதில்லை, அரசரின் பணத்தை ஏற்பதில்லை, வீண் விவாதம் செய்வதில்லை என்று உறுதிபூண்டார். அதன்பின் ஹஜ்ஜை நிறைவேற்றினார்.

குடும்பத்தை விட்டுப் போனவரிடம் நாம் உறவைப் பற்றி என்ன கற்க முடியும் என்று சிலர் கேட்கலாம். எனக்கும் அக்கேள்வி எழுந்தது. அதற்கு விடை அவர் திரும்பி வந்ததில் இருக்கிறது. பிள்ளைகளின் அழைப்பே அவரை ஊருக்கு இழுத்து வந்தது. வீட்டுக் கவலைகளும் பிழைப்பின் தேவைகளும் தம் தனிமையை அடிக்கடி குலைத்தன என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் கிடைத்த சிறு சிறு பொழுதுகளில் தம் முயற்சியைத் தொடர்ந்தார். நம் உம்மாமாருக்கும் நமக்கும் மினாரா கிடைக்காது. சுபஹுக்குப் பின் கிடைக்கும் பத்து நிமிடங்கள் கிடைக்கும்.

பாரசீக மொழியில் எழுதிய கீமியாயே ஸஆதத் நூலை அவர் தன்னை அறிவதிலிருந்தே தொடங்குகிறார். உடலை ஒரு நகரமாகவும், கல்பை அதன் அரசனாகவும், அறிவை அமைச்சராகவும் உவமிக்கிறார். ஆசை அங்கே வரி வசூலிப்பவன். கோபம் காவல் அதிகாரி. இவ்விருவரும் நகருக்குத் தேவையானவர்களே. அரசன் இருக்கையில் அவர்கள் ஏறி அமர்ந்தால்தான் நகர் பாழாகும். நம் குறைகளை அறிய நான்கு வழிகளை இஹ்யாவில் காட்டுகிறார்: நல்லாசிரியர், உண்மை பேசும் தோழி, நம்மை வெறுப்பவரின் சொல், பிறரிடம் காணும் குறையை நம்மிடமும் தேடிப் பார்ப்பது. வியாபாரி தன் கூட்டாளியிடம் கணக்குப் பார்ப்பதுபோல நாளின் முடிவில் நப்ஸிடம் கணக்குக் கேட்கவும் சொல்கிறார்.

பெற்றோருக்கும் அவர் ஒன்று கூறியிருக்கிறார். பாடம் முடிந்து வரும் பிள்ளையை விளையாட விட வேண்டும். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்கச் சொன்னால் பிள்ளையின் உள்ளம் மரத்து, புத்தி மழுங்கும் என்கிறார். எந்நேரமும் ஏசிக்கொண்டிருந்தால் ஏச்சு பழகிப்போய்ச் சொல்லின் மதிப்பே போய்விடும் என்றும் எச்சரிக்கிறார். பாடசாலை விட்டதும் அடுத்தடுத்துத் தனியார் வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகள் சற்று நின்று யோசிக்க வேண்டிய அறிவுரை இது.

1106இல் நைஸாபூர் நிஸாமிய்யாவில் அவர் மீண்டும் கற்பிக்க அமர்ந்தார். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது பழைய வேலைதான். ஆனால் முன்னர் பதவியைத் தேடித் தரும் அறிவைக் கற்பித்ததாகவும், இப்போது பதவி மோகத்தைக் கைவிடச் செய்யும் அறிவைக் கற்பிப்பதாகவும் அவரே வேறுபடுத்திக் காட்டினார். இறுதியில் தூஸ் திரும்பி, வீட்டருகே மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவும் ஸூபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்து வாழ்ந்து, 1111 டிசம்பர் 18இல் இறையடி சேர்ந்தார்கள். அவருக்குப் பின் பெண்மக்களே எஞ்சியிருந்தனர்.

அவர் படிப்பை வெறுத்து ஒதுக்கவில்லை. பரந்த கல்வியை விட்டு ஓடவுமில்லை. எதற்காகப் படிக்கிறோம், யாருக்காகப் படிக்கிறோம் என்ற கேள்விக்கு உண்மையான விடை கிடைக்கும்வரை அவரால் அமைதியாக இருக்க முடியவில்லை. அடுத்த தவணைப் பரீட்சைக்கு நேர அட்டவணை போடும்போது, அந்தக் கேள்விக்கும் ஒரு சிறு இடம் ஒதுக்குவோம், சகோதரிகளே. பெறுபேறு எப்படி வந்தாலும், நம் உள்ளம் நம்மோடு இருக்கும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக.