கடிந்துகொண்டவரை நேசித்த சக்கரவர்த்தி



உங்களில் ஒருவர் மில்லில் மேஸ்திரியாக இருக்கலாம். ஒருவர் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருக்கலாம். வேறு பதவி இல்லாதவரும் தம் வீட்டுக்குத் தலைவர்தான். உங்களுக்குக் கீழ் இருப்பவர் உங்கள் தவறை எடுத்துச் சொன்னால் உங்கள் முகம் எப்படி மாறுகிறது? இதை யோசித்துப் பார்க்கும்படி ஒரு சக்கரவர்த்தியின் சரித்திரத்தைச் சொல்லுகிறேன்.

தெயோதோசியுஸ் ஸ்பெயின் தேசத்தில் பிறந்தவர். பேர்பெற்ற சேனாபதியின் மகன். 379-ம் வருஷம் உரோமை இராச்சியத்தின் கீழ்த்திசை நாடுகளுக்குச் சக்கரவர்த்தியானார். மறு வருஷம் தெசலோனிக்கா நகரில் கடும் வியாதியாய்க் கிடந்தபோது, அவ்வூர் மேற்றிராணியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார். திறமையுள்ள அரசர், நல்ல விசுவாசி, ஆனால் முன்கோபி.

390-ம் வருஷம் அதே தெசலோனிக்காவில் கலகம் எழுந்தது. ஜனங்களுக்குப் பிரியமான தேரோட்டி ஒருவனைப் படைத்தலைவர் பூத்தேரிக் சிறையிலடைத்தார். அவனை விடும்படி கேட்டும் அவர் இணங்காததால் கூட்டம் அவரைக் கொன்று போட்டது. செய்தி கேட்ட சக்கரவர்த்தி கோபாவேசத்தில் ஊரைத் தண்டிக்கக் கட்டளையிட்டார். பிறகு மனம் மாறி அதை ரத்து செய்தார். ஆனால் இரண்டாம் கட்டளை போய்ச் சேருமுன் வாள் தன் வேலையை முடித்துவிட்டது. குற்றவாளியும் குற்றமற்றவனும் ஒன்றாக மடிந்தார்கள். மாண்டவர்கள் 7,000 பேர் என்று பழைய சரித்திர ஆசிரியர் ஒருவர் எழுதி வைத்தார்.

அப்போது மிலான் நகர் மேற்றிராணியாராக இருந்தவர் அர்ச். அம்புரோஸ். அவர் சக்கரவர்த்தியை ஜனங்கள் முன்னிலையில் அவமானப்படுத்தவில்லை. வேறு யார் கண்ணிலும் படாதபடி, தம் கைப்படவே ஒரு கடிதம் எழுதினார். தாவீது இராசா பாவம் செய்து மனஸ்தாபப்பட்டதை நினைப்பூட்டி, நீரும் தபசு செய்யும் என்றும், அதுவரை உமது முன்னிலையில் பலிபூசை செய்யத் துணியேன் என்றும் தெரிவித்தார். கோவில் வாசலில் மேற்றிராணியார் கைநீட்டி அரசரைத் தடுப்பதாகப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது பிற்காலத்தார் சேர்த்த கதை. நடந்தது இதைவிட அமைதியானது.

தெயோதோசியுஸ் நினைத்திருந்தால் அம்புரோசை நாடு கடத்தியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. இராஜ சின்னங்களைக் கழற்றி வைத்துவிட்டு, கோவிலில் எல்லாரும் காண அழுது மன்னிப்புக் கேட்டார். அவ்வருஷக் கிறிஸ்து பிறப்புத் திருநாளையொட்டித்தான் மறுபடியும் தேவநற்கருணைப் பந்திக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 388-ம் வருஷம் யூப்பிரத்தீஸ் நதிக்கரையிலுள்ள காலினிக்கும் ஊரில் கிறிஸ்தவர்கள் யூதருடைய செபக்கூடத்தைக் கொளுத்தினார்கள். அவ்வூர் மேற்றிராணியாரே அதைக் கட்டிக் கொடுக்கவேண்டுமென்று சக்கரவர்த்தி தீர்ப்புச் செய்தார். அம்புரோஸ் விடாமல் எதிர்க்கவே, அவர் பணிந்துபோனார். அங்கே நீதி சக்கரவர்த்தியின் பக்கமே இருந்தது. ஆகையால், அர்ச்சியசிஷ்டவர் சொன்னாலும்கூட, பொறுமையாய்க் கேட்பது ஒன்று; சீர்தூக்கிப் பார்த்து ஏற்பது வேறொன்று. தலைவனுக்கு இரண்டும் வேண்டும்.

395-ம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி தெயோதோசியுஸ் மிலானில் காலமானார். அவருடைய இரங்கல் சடங்கில் பிரசங்கம் செய்தவரும் அம்புரோசே. முகஸ்துதி செய்கிறவர்களைவிடக் கடிந்துகொள்பவரை மேலாக மதித்த இந்த மனிதரைத் தாம் நேசித்ததாக அவர் சொன்னார். ஓர் அரசருக்கு இதைவிடப் பெரிய புகழ் ஏது?

இதிலிருந்து நாம் கற்பதென்ன? கோபத்தில் உத்தரவிடாதீர்கள், ஒரு இரவாவது போகட்டும். குறை சொன்னவனை, மறுநாள் வேறொரு சாக்கு வைத்துத் தண்டியாதீர்கள். தண்டித்தால் அடுத்தமுறை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், நீங்களும் குருடராவீர்கள். எல்லார் முன்னும் செய்த தவறை எல்லார் முன்னும் திருத்துங்கள். குறை சொல்லுகிறவர்களும் அம்புரோசைப் போல முதலில் தனியாகச் சொல்லுங்கள். தெருவில் பேசித் திரியாதீர்கள்.

இது உங்கள் பங்குச் சுவாமியாருக்கும் பொருந்தும். என்னிடத்தில் குறை கண்டால் அறைவீட்டுக்கு வந்து சொல்லுங்கள். முதலில் என் முகம் சற்றுச் சுருங்கினாலும், சொல்ல வந்ததை முழுதும் சொல்லிவிட்டுப் போங்கள்.