மன்னரின் மண்ணீரல்... நாடு நாடாக அலைந்த ஓர் ஆபரேஷன்!

ஈரானின் கடைசி மன்னர் முகமது ரெசா பஹ்லவி. 1919-ல் டெஹ்ரானில் பிறந்தவர், 21 வயதிலேயே அரியணை ஏறினார். எண்ணெய்ப் பணம், பெரிய ராணுவம், அமெரிக்காவின் நட்பு என எல்லாம் இருந்தது. அவருடைய கடைசி வருடங்களை ஆட்டிப்படைத்ததோ, நம்மில் பலர் பெயரளவில் மட்டுமே கேள்விப்பட்டிருக்கும் மண்ணீரல்!

வயிற்றின் இடப்பக்கம், விலா எலும்புகளுக்கு அடியில் பதுங்கியிருக்கும் உறுப்பு இது. சுமார் 150 கிராம்தான் எடை. வயதான சிவப்பணுக்களை வடிகட்டுவதும், சில வகைக் கிருமிகளைப் பிடித்து அழிப்பதும் இதன் வேலை.

1974-ல் தன் இடப்பக்க மேல்வயிற்றில் ஒரு வீக்கம் இருப்பதை மன்னர் கவனித்தார். பிரான்ஸிலிருந்து டாக்டர்கள் ரகசியமாக வந்து பார்த்தார்கள். ரத்தத்தின் வெள்ளை அணுக்களைப் பாதிக்கும் புற்றுநோய். அதனால்தான் மண்ணீரல் வீங்கியிருந்தது. மாத்திரைகள் ஆரம்பமாயின. விஷயம் வெளியே கசிந்தால் ஆட்சியே ஆட்டம் காணுமே! அதனால் மனைவி ஃபராவுக்குக்கூட 1977-ல்தான் சொன்னார்கள்.

1979 ஜனவரியில் புரட்சி அவரை நாட்டைவிட்டே துரத்தியது. எகிப்து, மொராக்கோ, பஹாமாஸ், மெக்ஸிகோ என்று ஓட்டம். அக்டோபரில் சிகிச்சைக்காக நியூயார்க் போனார். அங்கே பித்தப்பையை எடுத்தார்கள், மண்ணீரலை எடுக்கவில்லை. அவரை அமெரிக்கா உள்ளே விட்ட கோபத்தில், டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றினார்கள் மாணவர்கள். 52 பேர் 444 நாள்கள் பணயக்கைதிகளாக இருந்தார்கள்.

அடுத்து பனாமா. அதற்குள் மண்ணீரல் ரொம்பவே பெரிதாகி, ரத்த அணுக்களை அளவுக்கு மீறி விழுங்க ஆரம்பித்திருந்தது. இனி எடுத்தே ஆகணும் என்ற நிலை. ஆனால், கத்தியைப் பிடிப்பது யார் என்று உள்ளூர் டாக்டர்களுக்கும் அமெரிக்க டாக்டர்களுக்கும் தகராறு. ஈரானிடம் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. நோயாளி மறுபடியும் விமானம் ஏறினார்.

1980 மார்ச் 28. கெய்ரோவின் மாடி ராணுவ மருத்துவமனையில், புகழ்பெற்ற இதய அறுவைசிகிச்சை நிபுணர் மைக்கேல் டிபேக்கி தலைமையில் ஆபரேஷன் நடந்தது. வெளியே எடுத்த மண்ணீரல் கிட்டத்தட்ட 1,900 கிராம்! புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. மண்ணீரலை ஒட்டியே இருக்கும் கணையத்தின் வால் பகுதியும் ஆபரேஷனில் காயப்பட்டது. உள்ளே சீழ் கட்டி, காய்ச்சல் விடாமல் வாட்டியது. ஜூலை 27-ம் தேதி, 60 வயதில் இறந்துபோனார். கெய்ரோவின் அல் ரிஃபாய் மசூதியில் அடக்கம் செய்யப்பட்டார்.

எப்போது எடுக்கணும்?

விபத்தில் மண்ணீரல் கிழிந்து ரத்தக்கசிவு நிற்காதபோது, உயிரைக் காப்பாற்ற உடனே எடுப்பார்கள். கசிவு குறைவு என்றால், இப்போதெல்லாம் கண்காணிப்பிலேயே பலருக்குச் சரியாகிவிடுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத தட்டணுக் குறைபாடு, பரம்பரையாக வரும் சில ரத்தச்சோகை நோய்கள், சில ரத்தப் புற்றுநோய்கள், மண்ணீரலில் சீழ்க்கட்டி போன்றவற்றுக்கும் ஆபரேஷன் தேவைப்படலாம். பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில், சிறு துளைகள் வழியாகவே முடிந்துவிடும். வீக்கம் மட்டுமே இருந்தால் கத்தி தேவையில்லை. மலேரியா, கல்லீரல் நோய் என வீக்கத்துக்கான காரணத்தைத்தான் முதலில் தேடுவார்கள்.

மண்ணீரல் இல்லாமலும் நன்றாக வாழலாம். ஆனால், கிருமித்தொற்று சில மணி நேரத்திலேயே தீவிரமாகிவிடும் அபாயம் ஆயுள் முழுக்க உண்டு. அதனால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளை, முடிந்தால் ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும், 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று படுத்துவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய், மண்ணீரல் எடுத்த விஷயத்தை முதலில் சொல்லிவிடுங்கள். மன்னர் மாதிரி மறைத்து வைக்க வேண்டிய ரகசியம் இல்லை அது!