நிருபதுங்கன் காட்டிய நெறி

இராட்டிரகூடப் பேரரசன் அமோகவர்ஷ நிருபதுங்கன் கி.பி. 814-இல் சிறுவனாகவே அரியணை ஏறினான். கலகங்களால் ஆட்சியை இழந்து மீண்டும் பெற்று, மானியகேடத்திலிருந்து ஏறத்தாழ 64 ஆண்டுகள் கன்னட நாட்டைப் புரந்தான். சமணத் துறவி ஜினசேனரைப் பணிந்து போற்றினான்.

அவன் பெயரை நிலைநிறுத்தியது ‘கவிராஜமார்க்கம்’ என்னும் அணிநூல். இன்று கிட்டியுள்ள கன்னட நூல்களுள் அதுவே பழையது. மன்னன் கருத்தைத் தழுவி அவைப்புலவர் ஸ்ரீவிஜயர் அதனை இயற்றினார் என்பர் அறிஞர்.

காஞ்சியில் விளங்கிய தண்டியின் வடமொழிக் காவியாதர்சமே அதற்கு முதனூல். ஆயினும், தண்டி கூறிய வைதர்ப்ப, கௌட நெறிகளைக் கன்னடத்தின் தென்னெறி, வடநெறிகளாக அது மாற்றியமைத்தது. வடசொல்லும் கன்னடச் சொல்லும் பொருந்தாது புணர்வதைக் கடிந்தது. பெதண்டெ, சத்தாண என்னும் நாட்டுக் காப்பிய வகைகளையும் எடுத்தோதியது.

நம் தண்டியலங்காரமும் அம்முதனூலின் வழிநூலன்றோ? பிறமொழிச் செல்வத்தை ஏற்றும் தாய்மொழியின் இயல்பைக் காத்த அம்மன்னனை, அயல் மாநிலத்தில் வாழும் நாம் நன்றியுடன் நினைவுகூர்வோமாக.