சாத்தனார் தலைநோய்

நோயுற்ற புலவர் பலர். தம் பெயருக்கே நோயைப் பொருளாக்கிக் கதை வழங்கப்பெற்றவர், யான் அறிந்தவரையில், மதுரைக் கூலவாணிகர் சீத்தலைச் சாத்தனார் ஒருவரே.

கூலம் என்பது தானியம். தானியம் விற்று வாழ்ந்த அவ்வணிகர் தண்டமிழிலும் வல்லவர். சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறனைப் பாடிய புறநானூற்று 59ஆம் பாட்டு அவர் பெயரால் வழங்குகிறது. முப்பது காதைகளையுடைய மணிமேகலையும் அவர் பெயரதே. இருவரும் ஒருவரோ என ஐயுறுவாரும் உளர். மரபு ஒருவராகவே கொண்டது.

பிறர் கவியிற் பிழை கேட்குந்தோறும், பாடினாரை வையாமல், எழுத்தாணியால் தம் தலையையே அவர் குத்திக்கொண்டார் என்பது கதை. புண் சீழ்கொண்டமையாற் சீத்தலையர் ஆயினாராம். சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்பாரும் உளர். அதுவே பொருத்தமென யானும் கொள்வேன். எனினும், ஊர்ப்பெயரைக் கொண்டு இப்படியொரு கதையைப் புனைந்தவர் பிழை திருத்தும் தொழிலின் வருத்தத்தை நன்கறிந்தவராதல் வேண்டும்.

திருவள்ளுவமாலையிலே மருத்துவன் தாமோதரனார் இத்தலைக்குத்தைப் பாடுகிறார். சீந்திற் சர்க்கரையும் சுக்கும் தேனும் கலந்து மோந்தால் ஏனையோர்க்குத் தலைவலி நீங்கும்; சாத்தனாருக்கோ முப்பாலே மருந்தாயிற்று என்பது அவர் கருத்து. குறளிற் குத்திக்கொள்ளுதற்குரிய பிழை காணாமையாற் புண் ஆறிற்று என்று விரிப்பர். அம்மாலை பிற்காலத்தார் தொடுத்தது என்பர் ஆராய்ச்சியாளர். ஆயினும், சிறைசெய் காதையில் 55ஆம் குறளை எடுத்தாண்டு, அதனை இயற்றியவரைப் பொய்யாப் புலமையாளராக மணிமேகலை ஆசிரியர் போற்றியிருத்தல் ஐயத்துக்கு இடமில்லாதது.

அவர் இரவொன்றையும் சிலப்பதிகாரப் பதிகம் காட்டுகிறது. மதுரை வெள்ளியம்பலத்தில் நள்ளிருளிற் கிடந்தபோது, மதுரைமாதெய்வம் கண்ணகிக்குப் பழவினை உரைத்ததைக் கேட்டாராம். அதனை அவர் இளங்கோவடிகளுக்குக் கூறியபின்னரே சிலம்பு பிறந்தது. ஊர் உறங்க அவர் செவி விழித்திருந்தது தமிழுக்கு ஆக்கமாயிற்று.

இதனை வியந்து துயிலின்மையை வரமென்று போற்றுதல் தகாது. மன்னார்த் தீவிலே சோளகம் இரைச்சலிடும் இரவுகளில், ஒரு பக்கத் தலை தெறிக்க விடியும்வரை கிடக்கும் யான் அதனை நன்கறிவேன். துயிற்குறை ஒற்றைத் தலைவலியை எழுப்பும். அவ்வலி மீண்டும் துயிலைக் கெடுக்கும் என்பர் மருத்துவர். குறள் ஓதினாற் போதுமென்று என் மாணாக்கர்க்கு யான் சொல்வதில்லை, மருத்துவரிடமே அனுப்புவேன்.

சாத்தனாரிடம் யான் கற்பது வேறொன்று. நோயாளரைத் தலைவராக்கிக் காப்பியம் செய்ய அவர் முற்படவில்லை. பிறர் பசியையே பெரும்பிணியாகக் கண்டார். எம் வடகடல் நோக்கி மணிமேகலையை மணிபல்லவத்துக்கு அனுப்பி, அமுதசுரபியை அவள் கையிற் சேர்த்தார். அத்தீவு நயினாதீவே என்று கொள்வார் பலர். உ.வே. சாமிநாதையர் 1898இல் அந்நூலைப் பதிப்பித்தபின், அப்பாத்திரம் தமிழர் அனைவர்க்கும் மீண்டும் கிட்டிற்று.

தலைவலியோடு திருத்தற்றாள்களின் முன் அமரும் ஆசிரியர் கதையின் ஒரு கூற்றை மறவாதிருத்தல் நன்று: அவர் எழுத்தாணி பிழை செய்தவன்மீது ஒருபோதும் பாய்ந்ததில்லை. தம் தலையையும் அதற்குத் தப்புவித்தால், அவரினும் நாம் ஒருபடி தேறியவராவோம்.