ஜெயிலுக்கு அஞ்சாத ருக்மாபாய்

கணவனோடு போய்க் குடும்பம் நடத்த வேண்டும். மறுத்தால் 6 மாதம் ஜெயில்!

1887-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி பம்பாய் ஐகோர்ட்டில் ஒரு பெண்ணுக்கு இப்படி உத்தரவு பிறந்தது. அப்போது அவருக்கு வயது 22. ஜெயிலுக்குப் போனாலும் போவேன், அந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். நாடு முழுவதும் அதே பேச்சாக இருந்தது.

அந்தப் பெண்தான் ருக்மாபாய்.

11 வயதில் கல்யாணம்

ருக்மாபாய் 1864-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி பம்பாயில் பிறந்தார். தச்சர் குலம். தாயார் பெயர் ஜெயந்திபாய். ருக்மாபாய் சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை ஜனார்த்தன் பாண்டுரங் இறந்து போனார். அப்போது தாயாருக்கு வயது 17.

அந்தக் குலத்தில் விதவைக் கல்யாணம் உண்டு. சில ஆண்டுகள் கழித்து ஜெயந்திபாய், சகாராம் அர்ஜுன் என்ற டாக்டரை மணந்தார். அதற்கு முன், முதல் கணவரின் சொத்தை மகள் பெயருக்கு எழுதி வைத்தார்.

ருக்மாபாய்க்கு 11 வயதில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பெயர் தாதாஜி பிகாஜி. வயது 19. டாக்டருக்கு உறவுக்காரப் பையன், ஏழை. வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து படித்து முன்னுக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் தாதாஜிக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. தன் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்.

ருக்மாபாய் தாய் வீட்டிலேயே வளர்ந்தார். பள்ளிப் படிப்பு நின்று போயிற்று. ஆனாலும் வீட்டில் இருந்தபடியே புத்தகங்களை வாங்கிப் படித்தார். டாக்டர் சகாராம் அவருக்கு ஊக்கம் கொடுத்தார். வயது ஏற ஏற, அறியாப் பருவத்தில் நடந்த அந்தக் கல்யாணத்தை அவர் மனம் ஏற்க மறுத்தது.

வக்கீல் நோட்டீசு

1884-ம் ஆண்டு தாதாஜியிடம் இருந்து வக்கீல் நோட்டீசு வந்தது. மனைவியை அனுப்பி வைக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. ருக்மாபாய் மறுத்தார். வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று.

கணவனுக்கு உடல் நலம் இல்லை, குடும்பத்தைக் காப்பாற்ற வருமானம் இல்லை, விவரம் தெரியாத வயதில் நடந்த கல்யாணம் தன்னைக் கட்டாது என்பது ருக்மாபாயின் வாதம். தன் சொத்தின் மீதுதான் அவர்களுக்குக் கண் என்றும் அவர் சொன்னார்.

இன்றைக்கு என்றால் விவாகரத்து கேட்டிருப்பார். அன்று அதற்கு வழி இல்லை. அறுத்துக் கட்டும் வழக்கம் சில சாதிகளில் இருந்தது. ஆனால் இந்துப் பெண் கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து பெறச் சட்டம் கிடையாது. ஆணோ, எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் செய்து கொள்ளலாம்.

சேர்ந்து வாழ உத்தரவு கேட்டு வழக்குப் போடும் முறையும் நம் சாஸ்திரங்களில் இல்லை. அது இங்கிலாந்தின் கிறிஸ்தவ மதக் கோர்ட்டுகளில் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்த உத்தரவை மீறுவோரை ஜெயிலில் போடும் வழக்கத்தை இங்கிலாந்து 1884-ம் ஆண்டிலேயே கைவிட்டது. இந்தியாவில் மட்டும் அது நீடித்தது!

மாறி மாறித் தீர்ப்பு

தெலாங், இன்வெராரிட்டி போன்ற பெரிய வக்கீல்கள் ருக்மாபாய்க்காக வாதாடினார்கள். 1885-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சேர்ந்தே வாழாத ஒரு பெண்ணை, அவள் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து ஒப்படைக்க முடியாது என்று வழக்கைத் தள்ளினார்.

அந்த ஆண்டிலேயே ருக்மாபாய் தம் பெயரை மறைத்து, இந்துப் பெண் ஒருத்தி என்று மட்டும் போட்டு, பம்பாய் ஆங்கிலப் பத்திரிகையில் கடிதங்கள் எழுதினார். குழந்தை மணம் பெண்களின் படிப்பையும் வாழ்வையும் எப்படிக் கெடுக்கிறது என்று விளக்கினார். தேசம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சீர்திருத்தவாதியான மலபாரி ருக்மாபாய் பக்கம் நின்றார். திலகர் எதிர்த்து எழுதினார்.

தாதாஜி அப்பீல் செய்தார். 1886-ம் ஆண்டு, தலைமை நீதிபதி சார்ஜெண்டும் நீதிபதி பெய்லியும் முதல் தீர்ப்பை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். மறு விசாரணையில்தான் நீதிபதி பாரன் அந்த ஜெயில் உத்தரவைப் போட்டார்.

2 ஆயிரம் ரூபாய்

ருக்மாபாய்க்கு வழக்குச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. ஆதரவாக நின்ற டாக்டர் சகாராம், 1885-ம் ஆண்டிலேயே காலமாகி விட்டார். நல்ல மனம் படைத்தவர்கள் குழு அமைத்து, நிதி திரட்டிக் கொடுத்தார்கள்.

1888-ம் ஆண்டு ஜூலை மாதம் சமரசம் ஏற்பட்டது. 2 ஆயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு, உத்தரவை நிறைவேற்றக் கேட்பதில்லை என்று தாதாஜி ஒப்புக்கொண்டார். ருக்மாபாய் ஜெயிலுக்குப் போகவில்லை. ஆனால் விவாகரத்தும் கிடைக்கவில்லை. 4 ஆண்டு போராட்டம் முடிந்தபோதும், சட்டப்படி அவர் தாதாஜியின் மனைவிதான்!

டாக்டர் ஆனார்

ருக்மாபாய் சோர்ந்து மூலையில் உட்காரவில்லை. பம்பாய் காமா ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் எடித் பீச்சி அம்மையாரின் தூண்டுதலால், 1889-ம் ஆண்டு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். மருத்துவம் படித்து, 1894-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். இந்தியாவில் தொழில் செய்த முதல் சில பெண் டாக்டர்களுள் அவரும் ஒருவர்.

சூரத்திலும் பிறகு ராஜ்கோட்டிலும் பெண்கள் ஆஸ்பத்திரியில் சுமார் 35 ஆண்டுகள் வேலை பார்த்தார். மறுமணம் செய்து கொள்ளவில்லை. 1904-ம் ஆண்டு தாதாஜி இறந்தபோது, விதவை போல வெள்ளைப் புடவை உடுத்தினார். அவர் மனத்தில் என்ன இருந்தது என்பது அவருக்கே வெளிச்சம்.

மாறிய சட்டம்

1891-ம் ஆண்டு, கணவனோடு வாழும் பெண்ணின் குறைந்த வயது 10-ல் இருந்து 12 ஆக உயர்த்தப்பட்டது. அந்தச் சட்டத்துக்கு வழி வகுத்ததில் ருக்மாபாய் வழக்குக்கும் பங்கு உண்டு. சேர்ந்து வாழ மறுப்பதற்காக ஜெயிலில் போடும் விதி 1923-ம் ஆண்டு நீக்கப்பட்டது.

சேலம் ஜில்லாவும் சேர்ந்திருந்த சென்னை மாகாணத்தில், 1949-ம் ஆண்டு இருதார மணம் தடுக்கப்பட்டு, இந்துக்களுக்கு விவாகரத்து உரிமையும் வந்தது. 1955-ம் ஆண்டு மே மாதம் நாடு முழுவதற்கும் இந்து திருமணச் சட்டம் வந்தது. சேர்ந்து வாழ உத்தரவு கேட்கும் முறை அதில் 9-வது பிரிவாக இன்றும் இருக்கிறது. ஆனால் உத்தரவு வந்து 1 ஆண்டு ஆகியும் சேர்ந்து வாழாவிட்டால், அதையே காரணமாகக் காட்டி, இருவரில் யாரும் விவாகரத்து கேட்கலாம்.

இன்று அஸ்தம்பட்டியில் உள்ள சேலம் கோர்ட்டு வளாகத்துக்கு வரும் பெண், வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வக்கீலை அவர்களே அமர்த்தித் தருவார்கள். குடும்ப நல கோர்ட்டு, வழக்கை நடத்துவதற்கு முன் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பதும் சட்டம்.

ருக்மாபாய் 1955-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி, 90-வது வயதில் காலமானார். எந்த உரிமை இல்லாமல் தவித்தாரோ, அந்த உரிமை நாட்டுப் பெண்களுக்குச் சட்டமாகி அப்போது 4 மாதம் ஆகியிருந்தது.